விடுபட்ட பதிவுகளைத் தேடிய கணக்காளர்: ஜே. சி. குமரப்பா

(க.பொ.த. உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவர்களுக்கான வாழ்க்கை வரலாற்றுக் கட்டுரை)

அறிமுகம்

கணக்கீட்டுப் பாடத்தில் பரீட்சை மீதி என்னும் அலகினை நீங்கள் கற்றிருப்பீர்கள். வரவுப் பக்கமும் செலவுப் பக்கமும் சமப்பட்டவுடன் பேனாவை வைத்துவிட்டுப் பெருமூச்சு விடுவது எல்லோருக்கும் பழக்கமே. ஆயினும் அதே அலகில் இன்னொரு பகுதியும் உண்டு. இரு பக்கமும் சமப்பட்டிருந்தாலும் கணக்கில் வழுக்கள் இருக்கலாம் என்பதே அது. ஒரு கொடுக்கல் வாங்கல் எந்த ஏட்டிலும் பதியப்படாமல் போனால் பரீட்சை மீதி அதனைக் காட்டிக்கொடுக்காது. இது விடுபடல் வழு. மூலதனத்தை வருமானமாகப் பதிந்தாலும் அது காட்டிக்கொடுக்காது. இது கோட்பாட்டு வழு.

இவ்விரு வழுக்களையும் வணிக நிலையங்களின் ஏடுகளில் மட்டுமன்றி ஒரு நாட்டின் கணக்கிலும் தேடிய தமிழர் ஒருவர் இருந்தார். அவரே ஜோசப் செல்லத்துரை குமரப்பா. இலண்டனில் கணக்கியல் கற்றுத் தேர்ந்து, பம்பாயில் கணக்காய்வாளராகச் செல்வம் ஈட்டி, பின்னர் அனைத்தையும் துறந்து கிராமத்து மக்களின் கணக்குப்பிள்ளையாக வாழ்ந்தவர் இவர். காந்தியப் பொருளியலின் முன்னோடி என்று இவரைப் போற்றுவர். இவர் கணக்காளராகத் தொடங்கி இறுதிவரை கணக்காளராகவே வாழ்ந்தார் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இதனை எழுதும் நான் கலைப் பட்டதாரி. கணக்கீடு எனது பாடமன்று. ஆயினும் கம்பளை, நாவலப்பிட்டி, புசல்லாவை, மாத்தளை ஆகிய இடங்களிலிருந்து பஸ் ஏறிக் கண்டிக்கு வகுப்புக்கு வரும் வர்த்தகப் பிரிவு மாணவர்கள் பலர், கணக்கீடு என்பது வேலை தேடித் தரும் பாடம் மாத்திரமே என்று சொல்லக் கேட்டிருக்கின்றேன். வேலை அவசியமே. அந்த வேலையைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதற்கு இவரது வாழ்க்கை விடை தருகின்றது.

பிறப்பும் இளமையும்

குமரப்பா 1892 ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 4 ஆம் திகதி தஞ்சாவூரில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் கொர்னேலியஸ், பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். தாயார் எஸ்தர் இராஜநாயகம். அக்கால வழக்கப்படி இவரும் தந்தையின் பெயரைச் சேர்த்து ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ் என்றே அழைக்கப்பட்டார். குமரப்பா என்பது குடும்பத்தின் முன்னோர் பெயராகும். பிற்காலத்தில் நாட்டுப்பற்று மேலோங்கியபோது இவரும் இவரது சகோதரர் பரதனும் அப்பெயரை மீண்டும் ஏற்றுக்கொண்டனர்.

குடும்பம் வசதியானது. ஒழுங்கும் நேரந்தவறாமையும் இறைபக்தியும் வீட்டிலேயே ஊட்டப்பட்டன. சென்னையில் கல்வி கற்ற பின்னர், கணக்கியல் பயிலும் நோக்குடன் இவர் இலண்டன் சென்றார்.

இலண்டனில் கணக்கியல் கல்வி

இரட்டைப்பதிவு முறையை முதன்முதலில் அச்சு நூலொன்றில் விரிவாக விளக்கியவர் இத்தாலி நாட்டுத் துறவி லூக்கா பசியோலி என்பதை நீங்கள் அறிவீர்கள். அந்நூல் 1494 இல் வெனிஸ் நகரில் வெளிவந்தது. அம்முறையை அடிப்படையாகக் கொண்டு கணக்காளர் தொழிலுக்குச் சங்கங்கள் அமைத்து, பரீட்சை வைத்து, பயிற்சி விதித்து வளர்த்த நாடுகளுள் பிரித்தானியா முதன்மையானது. குமரப்பா சென்ற காலத்தில் அங்கு பல கணக்காளர் சங்கங்கள் இயங்கின. 1885 இல் நிறுவப்பட்ட கூட்டிணைக்கப்பட்ட கணக்காளர் மற்றும் கணக்காய்வாளர் சங்கம் அவற்றுள் ஒன்று. அச்சங்கத்தின் தகைமையையே குமரப்பா பெற்றார்.

இக்கல்வி வகுப்பறையில் முடிந்துவிடுவதன்று. கணக்காய்வு அலுவலகம் ஒன்றில் பயிலுநராகச் சேர்ந்து, உறுதிச்சீட்டுக்களைப் பேரேட்டுடன் ஒப்பிட்டு, காசேட்டைச் சரிபார்த்து, மாலையில் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். இன்று இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் பரீட்சைகளுக்குத் தோற்றுவோர் அலுவலகப் பயிற்சியும் பெறவேண்டியிருப்பது இந்த மரபின் தொடர்ச்சியே. அந்நிறுவகம் 1959 இல் ஏற்படுத்தப்பட்டது.

குமரப்பா இலண்டனில் இருந்த காலத்திலேயே முதலாம் உலக யுத்தம் (1914 - 1918) நடந்தது. யுத்த நெருக்கடிக்கு நடுவிலும் கற்றுத் தேர்ந்து அங்கேயே தொழிலும் செய்தார். பழக்க வழக்கங்களிலும் உடையிலும் முழு ஆங்கிலேயராக மாறியிருந்தார். தாயாரின் விருப்பத்துக்கு இணங்கி 1919 இல் இந்தியா திரும்பினார்.

பம்பாயில் தொழில்

இந்தியா திரும்பியவர் பம்பாயில் பிரித்தானியக் கணக்காய்வு நிறுவனமொன்றில் பணியாற்றினார். பின்னர் 1924 இல் பங்காளர் ஒருவருடன் சேர்ந்து கொர்னேலியஸ் அன்ட் டாவர் என்னும் சொந்தக் கணக்காய்வு நிறுவனத்தை ஆரம்பித்தார். தொழில் செழித்தது. நல்ல வருமானம், நல்ல வீடு, விலையுயர்ந்த உடை என்று வாழ்ந்தார். நம்மில் பெரும்பாலோர் கணக்கீடு படித்து அடைய விரும்பும் நிலை எதுவோ அதனை இவர் முப்பது வயதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே அடைந்துவிட்டார்.

அமெரிக்காவும் முதலாவது திருப்பமும்

1927 இல் மேற்படிப்புக்காக ஐக்கிய அமெரிக்கா சென்றார். சிராக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிருவாகத்தில் பட்டம் பெற்றார். பின்னர் நியூயோர்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி பற்றிக் கற்றார். அங்கு அவருக்கு வழிகாட்டியவர் பேராசிரியர் செலிக்மன். வரி விதிப்புத் துறையில் அக்காலத்தில் உலகப் புகழ் பெற்றவர்.

இந்தியா ஏன் வறுமையில் வாடுகின்றது என்பது பற்றி குமரப்பா நியூயோர்க்கில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அச்செய்தி பத்திரிகையில் வந்தது. அதனைப் படித்த பேராசிரியர், இந்தியாவின் வறுமைக்கான காரணங்களை அரச நிதியின் ஊடாக ஆராயுமாறு தூண்டினார். அதுவே முதுமாணிப் பட்டத்துக்கான ஆய்வாயிற்று.

ஒரு கணக்காய்வாளர் நிறுவனமொன்றின் ஏடுகளைப் பரிசோதிப்பது போல, இந்தியாவை ஆண்ட பிரித்தானிய அரசின் வரவு செலவுகளை இவர் பரிசோதித்தார். வரி ஏழை விவசாயியிடமிருந்து வருகின்றது. செலவோ படைக்கும், கடன் வட்டிக்கும், உயர் அதிகாரிகளின் சம்பளத்துக்கும் போகின்றது. கல்விக்கும் சுகாதாரத்துக்கும் விவசாயத்துக்கும் எஞ்சுவது சொற்பம். ஏடுகள் ஒழுங்காக இருந்தன. கூட்டல்கள் சரியாக இருந்தன. வரி செலுத்தியவனுக்குத் திரும்பிச் சேர்ந்தது என்ன என்ற கேள்விக்கு மட்டும் அந்த ஏடுகளில் விடை இல்லை. பம்பாயில் பெரிய கம்பனிகளின் கணக்குகளில் கையொப்பமிட்டவருக்கு இது பேரதிர்ச்சியாக இருந்தது.

சபர்மதியில் சந்திப்பு

1929 இல் குமரப்பா நாடு திரும்பினார். தமது ஆய்வை நூலாக்க விரும்பியபோது, அதனைக் காந்தியடிகளிடம் காட்டுமாறு நண்பர்கள் கூறினர். 1929 மே மாதம் 9 ஆம் திகதி சபர்மதி ஆச்சிரமத்தில் சந்திப்புக்கு நேரம் குறிக்கப்பட்டது. பட்டு உடையணிந்து, கையில் பிரம்புடன் குறித்த நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தார். வழியில், மரத்தடியில் சாணமிட்டு மெழுகிய தரையில் அமர்ந்து ஒரு முதியவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். குமரப்பா இராட்டையை முன்பு கண்டதில்லை. நேரம் இருந்தமையால் நின்று வேடிக்கை பார்த்தார். சந்திப்பு நேரம் வந்ததும் அந்த முதியவரே நீர்தானா குமரப்பா என்று விசாரித்தார். அப்போதுதான் அவரே காந்தியடிகள் என்பது புரிந்தது. உடை கசங்குவதையும் பாராமல் குமரப்பா தரையில் அமர்ந்துகொண்டார்.

இச்சந்திப்பு அவரது வாழ்க்கையின் திருப்புமுனையாயிற்று. ஆய்வைத் தமது யங் இந்தியா இதழில் தொடராக வெளியிடக் காந்தியடிகள் இணங்கினார். அதே வேளை இன்னொரு வேலையையும் ஒப்படைத்தார். குஜராத் கிராமங்களுக்குச் சென்று மக்களின் உண்மையான வரவு செலவைக் கணக்கெடுக்க வேண்டும் என்பதே அது.

இங்கு நம் ஊருடன் தொடர்புள்ள ஒரு செய்தியையும் நினைவுகூரலாம். குமரப்பா அமெரிக்காவுக்குப் போன அதே 1927 ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தார். கண்டியிலும் மலையகத்தின் பிற இடங்களிலும் மக்களைச் சந்தித்தார். கதர் நிதிக்குத் தோட்டத் தொழிலாளரும் தம்மால் இயன்ற காசைக் கொடுத்தனர். அவ்வாறான சிறு காசுகளுக்கு ஒழுங்காகக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதில் காந்தியடிகள் கண்டிப்பானவர். குமரப்பா போன்ற ஒருவரின் தேவை அவருக்கு இருந்தது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

மாத்தர் தாலுகா ஆய்வு

குஜராத் வித்தியாபீடத்தின் மாணவர்களை அழைத்துக்கொண்டு குமரப்பா கேடா மாவட்டத்து மாத்தர் தாலுகாவுக்குச் சென்றார். அங்குள்ள 54 கிராமங்களில் வீடு வீடாகத் தகவல் திரட்டப்பட்டது. குஜராத்தி மொழி அவருக்குத் தெரியாது. மாணவர்கள் மொழிபெயர்க்க, இவர் வினாக்களை ஒழுங்குபடுத்தி, திரட்டிய விபரங்களை அட்டவணைப்படுத்தினார். நிலத்தின் அளவு, விளைச்சல், விதை, மாட்டுத் தீனி, நில வரி, கடன், வட்டி, உணவு என்று குடும்பங்களின் வரவும் செலவும் ஏட்டில் ஏறின.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அரசாங்கம் நில வரியை நிர்ணயிக்கும்போது விளைச்சலைக் கணக்கிட்டது. விளைவிப்பதற்குக் குடும்பத்தார் அனைவரும் சிந்திய உழைப்புக்கு ஒரு கிரயம் உண்டு. அதனைக் கழித்துப் பார்த்தால் பல குடும்பங்களுக்கு மிஞ்சுவது இலாபமா, நட்டமா? கிரயக் கணக்கீடு கற்ற ஒருவரால்தான் இக்கேள்வியை இவ்வளவு திட்டமாகக் கேட்க முடியும். ஆய்வறிக்கை 1931 இல் வெளிவந்தது. இந்தியாவில் நடத்தப்பட்ட ஆரம்பகாலக் கிராமியப் பொருளாதார ஆய்வுகளுள் முக்கியமான ஒன்றாக அது கருதப்படுகின்றது.

யாருடைய கடன்?

1930 மார்ச்சில் காந்தியடிகள் தண்டி யாத்திரையை ஆரம்பித்தார். யங் இந்தியா இதழை நடத்தும் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. அரசாங்கத்தைச் சாடி எழுதியமைக்காக அவர் சிறை சென்றார். 1931 மார்ச்சில் காந்தி - இர்வின் ஒப்பந்தம் ஏற்பட்டதும் விடுதலையானார்.

அதே ஆண்டில் இந்திய தேசிய காங்கிரஸ், பிரித்தானியாவுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான நிதிப் பொறுப்புக்களை ஆராய ஒரு குழுவை நியமித்தது. அதன் அமைப்பாளராக விளங்கியவர் குமரப்பா. இந்தியாவின் பெயரில் பெருந்தொகைப் பொதுக்கடன் காட்டப்பட்டிருந்தது. அக்கடன் எவ்வாறு ஏற்பட்டது என்று ஒவ்வொரு பதிவாகப் பின்னோக்கிச் சென்று பார்த்தது இக்குழு. கிழக்கிந்தியக் கம்பனி நடத்திய யுத்தங்களின் செலவு, 1857 எழுச்சியை அடக்கிய செலவு, இந்திய எல்லைக்கு வெளியே பேரரசுக்காக நடத்தப்பட்ட படையெடுப்புக்களின் செலவு என்பனவெல்லாம் இந்தியாவின் கணக்கிலேயே எழுதப்பட்டிருந்தன. அடக்கப்பட்டவனிடமே அடக்கிய செலவையும் அறவிடுவது எந்தக் கணக்கியல் கோட்பாட்டுக்குப் பொருந்தும் என்பதே குழுவின் வாதத்தின் சாரம்.

வணிக நிலையம் வேறு, உரிமையாளர் வேறு என்று நாம் முதலாம் அலகிலேயே படிக்கின்றோம். உரிமையாளரின் சொந்தச் செலவை வணிகத்தின் செலவாக எழுதக்கூடாது. ஒருவரின் செலவை மற்றவரின் ஏட்டில் எழுதினால் கூட்டல் சரியாக வரும். நீதி பிழைத்துவிடும்.

துண்டும் நமது முன்னோரும்

இவ்விடத்தில் மலையக மாணவர்கள் தம் சொந்த வரலாற்றை ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம். தென்னிந்தியாவிலிருந்து நமது முன்னோரைக் கங்காணிமார் அழைத்து வந்தபோது வழிச்செலவுக்காக முற்பணம் கொடுத்தனர். தோட்டத்துக்கு வந்து சேரும்போதே தொழிலாளி கடனாளியாகிவிட்டான். அவன் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமாயின், அவனது கடன் தொகையைக் குறித்த துண்டு என்னும் சீட்டு வழங்கப்படும். புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்தால்தான் அவன் அங்கு வேலை செய்யலாம். கடன் மாத்திரம் தீர்வதில்லை. 1921 இல் சட்டம் இயற்றப்பட்டே துண்டு முறை ஒழிக்கப்பட்டது.

கணக்கு எழுதியவர் ஒருவர். அக்கணக்கால் கட்டுண்டவர் வேறொருவர். கட்டுண்டவர்களுள் பெரும்பாலோருக்கு அந்த ஏட்டை வாசிக்கத் தெரியாது. கணக்கீட்டுக் கல்வி ஏன் நமது பிள்ளைகளுக்கு வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை. குமரப்பா இந்தியாவின் கடனைப் பற்றிக் கேட்ட கேள்வியை, ஏடு வாசிக்கத் தெரிந்த ஒருவர் துண்டைப் பார்த்தும் கேட்டிருக்க முடியும்.

பீகார் பூகம்பமும் நிவாரணக் கணக்கும்

1932 இல் மீண்டும் சிறைப்படுத்தப்பட்ட குமரப்பா விடுதலையாகி வந்த காலத்தில் பீகார் பெருந்துயரில் இருந்தது. 1934 ஜனவரி 15 ஆம் திகதி ஏற்பட்ட பூகம்பத்தில் பீகாரிலும் நேபாளத்திலும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். இராஜேந்திர பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு அமைக்கப்பட்டது. நாடெங்கிலுமிருந்து பணம் குவிந்தது. பணம் குவியும் இடத்தில் கணக்கு சீராக இல்லாவிட்டால் நம்பிக்கை கெடும். ஆகவே நிதிக்குப் பொறுப்பாயிருந்த ஜம்னாலால் பஜாஜ், குமரப்பாவின் சேவையைக் கேட்டுப் பெற்றார்.

பல இடங்களில் பரவியிருந்த நிவாரண நிலையங்கள் யாவும் ஒரே முறையில் கணக்கு வைக்க வேண்டும், பற்றுச்சீட்டின்றிச் செலவு கூடாது, தொண்டர்களின் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்குக் குறித்த சிறு தொகையே வழங்கப்படும் என்று அவர் விதித்தார்.

அவ்வேளை காந்தியடிகளும் அவரது குழுவினரும் பீகாருக்கு வந்தனர். அவர்களது உணவுச் செலவும் பயணச் செலவும் நிவாரண நிதியிலிருந்து கொடுக்கப்படமாட்டாது என்று குமரப்பா அறிவித்துவிட்டார் என அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். பூகம்பத்தால் பாதிக்கப்பட்டோருக்கென்று வந்த பணம் அவர்களுக்கே உரியது. தேசத் தலைவரேயாயினும் அதில் கைவைக்க இயலாது. இதனைக் கேட்ட காந்தியடிகள் கோபம் கொள்ளவில்லை. குமரப்பாவின் பக்கமே நியாயம் என ஏற்று, தமது குழுவின் செலவுக்கு வேறு ஒழுங்கு செய்தார்.

இலங்கையில் 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் எத்தனை நிதிகள் திரட்டப்பட்டன என்பதை நாமறிவோம். நிவாரணம் என்ற சொல் கேட்கும்போதெல்லாம் குமரப்பாவின் இந்த உறுதியை நினைத்துக்கொள்வது நல்லது.

கிராமக் கைத்தொழிலும் மறைந்திருக்கும் கிரயமும்

1934 இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழிற் சங்கம் நிறுவப்பட்டது. காந்தியடிகள் அதற்கு வழிகாட்டினார். குமரப்பா அதன் செயலாளர். வார்தாவிலுள்ள மகன்வாடி அதன் தலைமையகமாயிற்று. செக்கெண்ணெய், கைக்குத்தரிசி, வெல்லம், கையால் செய்யும் கடதாசி, தேனீ வளர்ப்பு முதலியன அங்கு பரிசோதிக்கப்பட்டுக் கிராமத்தவர்க்குக் கற்பிக்கப்பட்டன.

இது பழமைக்குத் திரும்பும் முயற்சி என்று பலர் எண்ணினர். குமரப்பாவின் வாதமோ கணக்கியல் சார்ந்தது. ஆலையில் தீட்டிய வெள்ளையரிசி சற்று மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் தவிடு நீங்குவதால் சத்து போகின்றது. அதனால் வரும் நோய்க்குச் செலவு உண்டு. நெல் குத்திக் கூலி பெற்ற பெண்ணுக்கு வேலை போகின்றது. அவளது இழப்பும் ஒரு செலவே. இவையெல்லாம் ஆலையின் இலாப நட்டக் கணக்கில் பதியப்படுவதில்லை. பதியப்படாமையால் அவை இல்லை என்றாகிவிடுமா? கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய விடுபடல் வழு இதுவே.

நிலைத்திருக்கும் பொருளாதாரம்

இரண்டாம் உலக யுத்த காலத்தில் பிரித்தானியா இந்தியாவில் பொருட்களை வாங்கிக் குவித்தது. அதற்கு ஈடாக இலண்டனில் ஸ்ரேர்லிங் வரவு வைக்கப்பட்டது. இந்தியாவிலோ கடதாசி நாணயம் அச்சிடப்பட்டு விவசாயியின் கையில் கொடுக்கப்பட்டது. தானியம் போயிற்று, விலைவாசி ஏறியது. 1943 இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. இந்நிதிக் கொள்கையைக் கண்டித்து எழுதிய குமரப்பா மீண்டும் சிறை சென்றார்.

சிறையில் அவர் சும்மா இருக்கவில்லை. நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலையும், இயேசுவின் போதனைகளும் நடைமுறையும் பற்றிய நூலையும் எழுதினார். இரண்டும் 1945 இல் வெளிவந்தன. முதல் நூலுக்கு முன்னுரை எழுதிய காந்தியடிகள், கிராமக் கைத்தொழிலின் கலாநிதி என்ற பொருளில் குமரப்பாவுக்கு அன்புடன் ஒரு பட்டம் சூட்டினார்.

அந்நூலின் அடிப்படைக் கருத்தை ஒரு வர்த்தக மாணவர் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். நிலக்கரியும் பெற்றோலியமும் பூமிக்குள் இருக்கும் இருப்பு. எடுத்தால் குறையும். ஆற்று நீரும் சூரிய ஒளியும் ஓட்டம். ஆண்டுதோறும் வருவன. இருப்பைச் செலவழித்துவிட்டு அதனை வருமானம் என்று எழுதுவது, மூலதனத்தை வருமானமாகக் காட்டும் கோட்பாட்டு வழுவாகும். யந்திரத்துக்குப் பெறுமானத் தேய்வு ஒதுக்குகின்றோம். காட்டுக்கும் மண்ணுக்கும் ஒதுக்குகின்றோமா?

நமது மலைநாட்டையே எடுத்துக்கொள்வோம். 1867 இல் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டதிலிருந்து, காடழிந்த சரிவுகளில் மழை வருடந்தோறும் மேல்மண்ணை அரித்துச் செல்கின்றது. அம்மண் மகாவலியில் கலந்து நீர்த்தேக்கங்களில் படிகின்றது. தேயிலையின் வருமானம் இலாப நட்டக் கணக்கில் உண்டு. கழுவுண்ட மண் எந்த ஏட்டில் உண்டு?

பொருளாதார அமைப்புக்களைக் குமரப்பா ஐந்து படிகளாக வகுத்தார். பிறரை அழித்து வாழும் ஒட்டுண்ணி நிலை, கொடுக்காமல் எடுத்து வாழும் கொள்ளை நிலை, உழைத்து அதன் பயனைப் பெறும் முயற்சி நிலை, கூட்டத்தின் நன்மைக்காக உழைக்கும் கூட்டு நிலை, கைம்மாறு கருதாத சேவை நிலை என்பனவே அவை. குழந்தைக்குப் பாலூட்டும் தாய் ஐந்தாம் நிலைக்கு எடுத்துக்காட்டு.

சுதந்திரத்தின் பின்

சுதந்திர இந்தியாவில் நிலச் சீர்திருத்தம் பற்றி ஆராயக் காங்கிரஸ் நியமித்த குழுவுக்குக் குமரப்பா தலைமை வகித்தார். அதன் அறிக்கை 1949 இல் வெளிவந்தது. நிலம் உழுபவனுக்கே உரியதாதல் வேண்டும் என்ற நிலைப்பாட்டை அது வலியுறுத்தியது. எனினும் பாரிய தொழிற்சாலைகளை நோக்கி நாடு சென்றமையால் அவரது கருத்துக்கள் ஓரங்கட்டப்பட்டன. பதவி தேடி அவர் போகவில்லை. தமது விமர்சனத்தையும் விடவில்லை.

இறுதிக் காலத்தில் மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டியிலுள்ள காந்தி நிகேதன் ஆச்சிரமத்தில் எளிமையாக வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1960 ஜனவரி 30 ஆம் திகதி சென்னையில் காலமானார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் காந்தியடிகள் உயிர்நீத்ததும் இதே திகதியிலேயே. 1973 இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற சிறியதே அழகு என்னும் நூலில் அதன் ஆசிரியர் சூமாக்கர் குமரப்பாவின் சிந்தனையை எடுத்தாண்டார். உயிரோடிருந்தபோது பழமைவாதி எனப்பட்டவர், இன்று சூழல் பொருளியலின் முன்னோடி எனப்படுகின்றார்.

முடிவுரை

மாணவர்களே! உயர்தரத்தின் பின்னர் கணக்கியல் கற்பதற்குக் கண்டியிலேயே பல வழிகள் உள்ளன. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவ பீடம், உயர் தொழினுட்ப நிறுவனத்தின் கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா, பட்டயக் கணக்காளர் பரீட்சைகள் என்பன அவற்றுட் சில. பெரும்பாலும் ஆங்கில மொழிமூலமே கற்க வேண்டியிருப்பதால் தமிழ் மொழிமூல மாணவர்கள் தொடக்கத்தில் திணறுவதுண்டு. மொழி தெரியாத குஜராத் கிராமங்களில் 54 ஊர்களின் கணக்கைத் திரட்டியவரை நினைத்துக்கொள்ளுங்கள். மொழி கடக்கக்கூடிய தடையே.

குமரப்பா கற்ற கணக்கியலும் நீங்கள் கற்கும் கணக்கியலும் அடிப்படையில் ஒன்றுதான். அவர் அதனோடு ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டார். கணக்கு சமப்பட்டுவிட்டது, சரி. இதில் யாருடைய செலவு பதியப்படாமல் விடப்பட்டிருக்கின்றது? நாளை நீங்கள் தோட்ட அலுவலகத்திலோ, வங்கியிலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ, கணக்காய்வு நிறுவனத்திலோ அமரும்போது இக்கேள்வியை மறவாதிருங்கள்.

நினைவிற் கொள்க

1892 - தஞ்சாவூரில் பிறப்பு
1919 - இலண்டனில் கணக்கியல் தகைமை பெற்று நாடு திரும்பல்
1924 - பம்பாயில் சொந்தக் கணக்காய்வு நிறுவனம்
1927 - அமெரிக்கா செல்லல்
1929 - சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தல்
1931 - மாத்தர் தாலுகா அறிக்கை; நிதிப் பொறுப்புக்கள் பற்றிய குழு
1934 - பீகார் நிவாரணம். கிராமக் கைத்தொழிற் சங்கம்
1945 - நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல்
1949 - நிலச் சீர்திருத்த அறிக்கை
1960 - சென்னையில் மறைவு

பயிற்சி வினாக்கள்

1. குமரப்பாவின் ஆய்வுக்கு வழிகாட்டிய கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் யார்?
2. பீகார் நிவாரணப் பணியில் குமரப்பா கடைப்பிடித்த ஒழுங்குகள் இரண்டினைத் தருக.
3. வணிக நிலையம் வேறு, உரிமையாளர் வேறு என்னும் எண்ணக்கருவை, இந்தியாவின் பொதுக்கடன் பற்றிய ஆய்வுடன் தொடர்புபடுத்தி விளக்குக.
4. விடுபடல் வழு, கோட்பாட்டு வழு ஆகியவற்றை வேறுபடுத்தி, இக்கட்டுரையிலிருந்து ஒவ்வோர் உதாரணம் தருக.
5. உமது ஊரிலுள்ள ஒரு தொழிலைத் தெரிவுசெய்து, அதன் கணக்கில் பதியப்படாத செலவுகள் எவை என்பதை 200 சொற்களில் எழுதுக.